மீல் மேக்கரில் இருப்பது ஈஸ்ட்ரோஜனா?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். வேண்டிய பகுதியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 51 வயசு. வீட்டிலயே தறி வச்சிருக்கோம். தீட்டு நின்னு ரெண்டு வருசம் ஆச்சு. ராத்திரியில திடீர்னு நெஞ்சுல இருந்து தலை வரைக்கும் குப்புனு சூடு ஏறுது, ரவிக்கை நனைஞ்சு போகுது. மருந்துக் கடையில சோயாவுல இருந்து எடுத்த கேப்சூல்னு ஒண்ணு குடுத்தாங்க. இயற்கையானது, பக்கவிளைவே கிடையாதுன்னாங்க. இன்னும் போடலை. ஏன்னா, என் தங்கச்சிக்குப் போன வருசம் மார்புல புத்துக்கட்டி எடுத்து, இப்ப டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடறா. சோயான்னாலே ஈஸ்ட்ரோஜன், அவ தொடவே கூடாதுன்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்றாரு. என் பையனுக்கு 14 வயசு. வாரத்துக்கு மூணு நாள் மீல் மேக்கர் இல்லாம அவனுக்குச் சோறு எறங்காது. அவனுக்கு மார்புக் காம்புக்குப் பின்னால கட்டியாட்டம் இருக்கு. ஸ்கூல்ல கேலி பண்றாங்கன்னு சட்டைக்குள்ள ரெண்டு பனியன் போட்டுட்டுப் போறான். எல்லாத்துக்கும் மீல் மேக்கர்தான் காரணம்கறாங்க. நானும் காலையில 75 தைராய்டு மாத்திரை போட்ட கையோட சோயா மாவு போட்ட சத்துமாவுக் கஞ்சி குடிக்கறேன். போன மாசம் டெஸ்ட்டுல டி.எஸ்.எச். 9-ன்னு வந்துச்சு, அது வேற விசயம். சோயாவுல இருக்கறது நெசமாவே ஈஸ்ட்ரோஜனா? உள்ள போயி அது என்னதான் பண்ணுது?"

அம்மா, வணக்கம். சேலத்து வெயிலில் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை முதலில் பார்ப்போம். மற்றதெல்லாம் இன்னும் பத்து நிமிடம் பொறுக்கும். அவன் படுகிற வெட்கம் பொறுக்காது.

பருவம் வருகிற வயதில் ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படிக் காம்புக்குப் பின்னால் காசு அளவுக்கு ஒரு கெட்டிப்பு வரும். அழுத்தினால் வலிக்கும். விந்தகம் அப்போதுதான் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கப் பழகுகிறது. அதில் ஒரு பங்கை உடம்பே அரோமட்டேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு, எலும்பு முற்ற அது அவனுக்கும் வேண்டும். கொஞ்ச காலம் இரண்டுக்கும் உள்ள விகிதம் தடுமாறும்போது மார்புத் திசு லேசாகத் தடிக்கிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாக அமுங்கிவிடும். வேகமாகப் பெரிதானால், கல் மாதிரி இருந்தால், காம்பிலிருந்து நீர் வந்தால், விரையில் கட்டி தெரிந்தால், இரண்டு வருடமாகியும் போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால், இது அவன் வகுப்பில் பாதிப் பேருக்கு இருக்கும், அவர்களும் மறைத்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்பதை அவன் அப்பாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அம்மா சொல்வதைவிட அப்பா சொன்னால் அந்த வயதுப் பையனுக்குக் காதில் ஏறும்.

மீல் மேக்கர் இதில் குற்றவாளி இல்லை. சோயா சாப்பிட்ட ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனையும் ஈஸ்ட்ரோஜனையும் அளந்த பல ஆய்வுகளைச் சேர்த்துவைத்து 2010-இல் ஒரு முறையும் 2021-இல் ஒரு முறையும் கணக்குப் பார்த்தார்கள். இரண்டு முறையும் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆண்கள் விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற ஒரு கதை 2008-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது: சோயாப் பால் குடித்து மார்பு தடித்த 60 வயதுக்காரர். அவர் நாளுக்குக் குடித்தது ஏறக்குறைய 3 லிட்டர். நிறுத்தியதும் சரியாகிவிட்டது. உங்கள் பையனின் தட்டில் விழுவது, ஊறவைப்பதற்கு முன் எடை போட்டால், 25 அல்லது 30 கிராம் இருக்கும். வெந்நீரில் ஊறிப் பிழிந்த பிறகு கிண்ணம் நிறையத் தெரிவதால் நிறையச் சாப்பிடுகிறான் என்று நமக்குத் தோன்றுகிறது. அதில், எல்லோரும் ஈஸ்ட்ரோஜன் என்று பயப்படுகிற ஐசோஃபிளேவோன் என்கிற சரக்கு ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம். ஜப்பானில் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக டோஃபு, மிசோ என்று தினமும் சாப்பிட்டு வருகிற அளவும் இதுதான். வளர்கிற பிள்ளைக்கு விலை குறைவாகக் கிடைக்கும் புரதம், தாராளமாகப் போடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. சோயாவில் இருப்பது ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஈஸ்ட்ரோஜன் உட்காருகிற இடத்தில் உட்காரத் தெரிந்த பொருள், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் தங்கையின் பயம், கேப்சூலின் விளம்பரம் இரண்டையும் நீங்களே எடைபோட்டுவிடலாம். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஓமலூர்ப் பக்கம் கடலைக் கொடியைப் பிடுங்கிப் பார்த்திருப்பீர்கள். வேரில் சின்னச் சின்னதாக முண்டுகள் இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிற பாக்டீரியா குடியிருக்கும் வீடு அது. அந்த பாக்டீரியாவை "இங்கே வா" என்று மண்ணுக்குள் கூப்பிடப் பயறு வகைச் செடிகள் சில வேதிப்பொருள்களை வேர் வழியாகக் கசிய விடுகின்றன. சோயாச் செடி அப்படிக் கசிய விடுபவைதான் ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் என்ற இரண்டு ஐசோஃபிளேவோன்கள். பூஞ்சை தாக்கினாலும் இந்த வகைப் பொருள்கள்தான் காவல். செடி தன் பிழைப்புக்காகச் செய்துகொண்டது அது. மனிதப் பெண்ணின் கருப்பையோ மார்போ அதன் நினைப்பிலேயே இல்லை. ஆனால் ஜெனிஸ்டீனின் இரண்டு முனைகளிலும் இருக்கிற ஹைட்ராக்சில் தொகுதிகளுக்கு நடுவே உள்ள தூரமும், நம் சினைப்பை சுரக்கும் முக்கிய ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடயோலின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள தூரமும் கிட்டத்தட்ட ஒன்று. இத்தனை சங்கடமும் இந்தத் தற்செயல் ஒற்றுமையால் வந்தது.

எஸ்ட்ராடயோல் இரத்தத்தில் வந்து செல்லுக்குள் நுழைந்ததும், அதற்கென்றே இருக்கும் ஒரு புரதத்தின் குழிக்குள் போய் அமர்கிறது. அந்தப் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். தூக்குப்போசியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சரியான பொருள் விழுந்ததும் ஏற்பியின் ஒரு பகுதி, மூடி போல மடிந்து குழியின் வாயை அடைக்கிறது. அந்த மூடி கச்சிதமாக உட்கார்ந்தால்தான் அதன் மேல் துணைப் புரதங்கள் வந்து ஏறும். அவை ஏறினால்தான் ஏற்பி டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடத்தைப் பிடித்து, "இந்த மரபணுவைப் படி, இந்தப் புரதத்தைச் செய், பெருகு" என்று வேலை வாங்கும். ஆக, குழிக்குள் ஒரு பொருள் விழுவது வேறு, மூடி எப்படி உட்காருகிறது என்பது வேறு.

இந்த ஏற்பி ஒன்றுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். சிகாகோவில் எல்வுட் ஜென்சன் 1950-களின் இறுதியில் அதைக் கண்டு சொன்னார். 1996-இல் ஸ்வீடனில் யான்-ஆகே குஸ்டாஃப்சன் குழுவினர், எலியின் புராஸ்டேட் சுரப்பியில் தேடும்போது இரண்டாவது ஒன்றைப் பிடித்தார்கள். பழையது ஆல்பா ஆனது, புதியது பீட்டா. மார்பிலும் கருப்பையிலும் செல்களைப் பெருகச் சொல்வது முக்கியமாக ஆல்பா. பீட்டா சினைப்பை, புராஸ்டேட், குடல், இரத்தக் குழாய் போன்ற இடங்களில் அதிகம், பல சமயம் ஆல்பாவின் வேகத்தை இழுத்துப் பிடிக்கிற வேலையையும் செய்கிறது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே ஜெனிஸ்டீனை இரண்டிலும் வைத்துப் பார்த்தார்கள். அது பீட்டாவை ஆல்பாவைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடித்தது. 1999-இல் பீட்டாவுக்குள் ஜெனிஸ்டீன் உட்கார்ந்திருக்கும் நிலையை எக்ஸ்ரே படமாகவே எடுத்தபோது, மூடி முழுக்க உட்காராமல் சற்று விலகி நின்றது. எஸ்ட்ராடயோல் செய்கிற வேலையில் ஒரு பகுதியைத்தான் அது செய்யும் என்பதன் உருவம் அது.

உங்கள் வீட்டுத் தறியில் ஜக்கார்டு இருந்தால் அடுத்ததைச் சொல்வது எனக்குச் சுலபம். மிதியை மிதிக்கும் கால் ஒன்றுதான். எந்த இழை தூக்க வேண்டும் என்பதை மேலே தொங்குகிற அட்டைதான் தீர்மானிக்கிறது. மார்புச் செல்லில் தொங்கும் அட்டை வேறு, எலும்புச் செல்லில் வேறு, கருப்பையில் வேறு. அங்கங்கே இருக்கும் துணைப் புரதங்களும், டி.என்.ஏ.வில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதும்தான் அந்த அட்டை. அதனால் ஒரே பொருள் ஓரிடத்தில் தூண்டும், இன்னோரிடத்தில் தடுக்கும். இதற்கு நல்ல சாட்சி உங்கள் தங்கையின் டப்பாவிலேயே இருக்கிறது. டமாக்சிஃபென் மார்பில் ஈஸ்ட்ரோஜனின் வழியை அடைக்கிறது. அதே மாத்திரை எலும்பிலும் கருப்பை உட்சுவரிலும் ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்கிறது. அவள் மாதவிடாய் நின்ற பெண்ணாக இருந்தால், டமாக்சிஃபென் சாப்பிடும் காலத்தில் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும் என்று அவளது மருத்துவர் சொல்லியிருப்பார். நீங்களும் நினைவுபடுத்துங்கள். மாதவிடாய் நின்றவர் என்பதால் அந்த விதி உங்களுக்கும் உண்டு.

"சோயா புற்றுநோயை வளர்க்கும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது வதந்தி இல்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த உண்மை, பாதி வழியில் நின்றுபோன உண்மை.

படிக்கும் காலத்தில் சில மாதம் நான் செல் வளர்ப்புக் கூடத்தில் இருந்தேன். எம்.சி.எஃப்.-7 என்று ஒரு செல் வகை உண்டு. 1970-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்று முற்றிய ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரல் உறையில் கோத்திருந்த நீரிலிருந்து எடுத்து வளர்த்தது, இன்றும் உலகம் முழுக்க வளர்ந்துகொண்டிருக்கிறது. தட்டையான பிளாஸ்டிக் குப்பி, அடியில் பாய் விரித்த மாதிரி செல்கள், மேலே ரோஜா நிறத்தில் ஊட்டத் திரவம். புளிப்பு ஏறினால் அந்த நிறம் மஞ்சளாகும். அதைப் பார்த்துத்தான் திரவத்தை மாற்றுவோம். 1986-இல் தெரியவந்தது என்னவென்றால், நிறம் காட்டுவதற்காகப் போட்ட அந்த ஃபீனால் ரெட் சாயமே (அதில் கலந்திருந்த கசடு என்று பிறகு தெரிந்தது) செல்களுக்கு மெல்லிய ஈஸ்ட்ரோஜனாக வேலை செய்துகொண்டிருந்தது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத நிலை என்று நினைத்து எத்தனையோ பேர் செய்த சோதனையில் ஈஸ்ட்ரோஜன் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு இந்த வேலைக்கு நிறமில்லாத திரவம்தான். அதோடு, ஊட்டத்துக்காகத் திரவத்தில் சேர்க்கும் கன்றுக்குட்டிச் சீரத்தைக் கரித்தூளில் வடிகட்டி அதிலுள்ள ஹார்மோனையும் நீக்கிவிடுவார்கள்.

அப்படிச் சொட்டு ஈஸ்ட்ரோஜன்கூட இல்லாமல் காயப்போட்ட செல்லுக்கு ஜெனிஸ்டீனைக் கொடுத்தால் அது பெருகுகிறது. காய்ந்த வயலுக்குச் சாக்கடை நீர் வந்தாலும் பயிர் தலைதூக்கும், அது போல. ஜெனிஸ்டீனைப் பல மடங்கு கூட்டினால் அதே செல் வளர்ச்சியை நிறுத்துகிறது. ஏனென்றால் அந்த அளவில் ஜெனிஸ்டீன் ஏற்பியை விட்டுவிட்டு, டைரோசின் கைனேஸ் என்கிற வேறு நொதிகளையும் முடக்க ஆரம்பிக்கிறது. "சோயா புற்றை வளர்க்கும்", "சோயா புற்றைக் கொல்லும்" இரண்டு தலைப்புச் செய்தியும் ஒரே குப்பியிலிருந்துதான் வந்தன, போட்ட அளவுதான் வேறு. பக்கத்திலேயே எஸ்ட்ராடயோலும் நிறைய இருந்தால் கதை இன்னும் மாறும். ஒரே குழிக்கு இரண்டு பேர் போட்டி போடுவார்கள். பலவீனமானது உட்கார்ந்த இடத்தில் பலமானது உட்கார முடியாது.

குப்பிக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவே இன்னும் பெரிய தூரம் இருக்கிறது. சோயாவில் ஐசோஃபிளேவோன் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அந்தச் சர்க்கரையைக் குடல் நொதிகளும் குடல் பாக்டீரியாவும் வெட்டிவிட்டால்தான் உள்ளே ஏறும். ஏறியதும் குடல் சுவரும் கல்லீரலும் மறுபடி அதன் மேல் குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்ஃபேட்டையோ கட்டிவிடுகின்றன. கட்டுப்போட்ட நிலையில் அது ஏற்பிக் குழிக்குள் சரியாக நுழையாது. இரத்தத்தில் கட்டில்லாமல் திரிவது நூற்றில் சில பங்குதான். எண்ணிக்கையில் பார்த்தால் சோயா சாப்பிட்டவர் இரத்தத்தில் ஐசோஃபிளேவோன் எஸ்ட்ராடயோலைவிட நூறு, ஆயிரம் மடங்குகூட இருக்கும். பலத்தில் பார்த்தால் அது நூறு முதல் பல ஆயிரம் மடங்கு குறைவு. பெரும்பகுதி கட்டுண்டும் கிடக்கிறது. எண்ணிக்கையை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும், பலவீனத்தை மட்டும் சொல்லித் தைரியம் தருகிறவர்களும் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள்.

இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடும் உண்டு. டெய்ட்ஸீனைச் சிலரது குடல் பாக்டீரியா ஈக்குவால் என்ற பொருளாக மாற்றிவிடும். அது டெய்ட்ஸீனைவிட ஏற்பியை நன்றாகப் பிடிக்கும். ஜப்பானியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் ஈக்குவால் செய்வார்கள், மேலை நாட்டவரில் நாலில் ஒருவர் அல்லது மூன்றில் ஒருவர்தான். உங்களுக்கும் உங்கள் தங்கைக்கும் ஒரே குழம்பை ஊற்றினாலும் இரண்டு பேர் இரத்தத்தில் வந்து சேர்வது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அதற்காக ஒன்றுமே செய்யாது என்று சொல்லிவிடவும் மாட்டேன். 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வகைத் தீவனச் செடியை மேய்ந்த செம்மறி ஆடுகள் மந்தை மந்தையாக மலடாயின. அந்தக் குளோவர்ச் செடியில் இருந்த ஒரு ஐசோஃபிளேவோனை ஆட்டின் இரைப்பை ஈக்குவாலாக மாற்றிக்கொண்டே இருந்தது. ஆடு நாள் முழுக்க அதையே தின்றது, வேறு தீனியே இல்லை. அளவு ஏறினால் தாவரப் பொருளும் ஹார்மோனாகவே வேலை செய்யும். "இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது" என்று உங்களிடம் சொன்னவரிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். விளைவு இருக்கிற எந்தப் பொருளுக்கும் பக்கவிளைவு இல்லாமல் போகாது.

தங்கைக்கு வருவோம். சுண்டெலிக்கு மார்புப் புற்றுச் செல்லைப் பதித்து, டமாக்சிஃபெனோடு ஜெனிஸ்டீனும் கொடுத்த சோதனையில் மருந்தின் பலன் குறைந்தது உண்மை. அந்தச் செய்திதான் உங்கள் சொந்தக்காரர் காதுக்கு எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் மனிதர்களில் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. சீனாவின் ஷாங்காய் நகரில் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 5,042 பெண்களை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். சோயா உணவை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்ப வருவதும் இறப்பதும் குறைவாகவே இருந்தது. டமாக்சிஃபென் எடுத்தவர்களிடமும் சோயா கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. இது உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்து செய்த ஆய்வு. சோயா காப்பாற்றியது என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன், கெடுக்கவில்லை என்று தைரியமாகச் சொல்வேன். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சோயா உணவு பாதுகாப்பானது என்றுதான் சொல்கிறது. ஆக, உங்கள் வீட்டில் சமைத்த மீல் மேக்கர் குழம்பு அவளுக்கும் ஆகும். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வியாதி வந்தவளுக்கு இலையில் தனியாக விலக்கு வைப்பது அவளை இன்னும் நோயாளியாக்கும். நான் திட்டவட்டமாக வேண்டாம் என்பது ஐசோஃபிளேவோன் மாத்திரை, கேப்சூல், "பெண்களுக்கான" பொடி வகைகளைத்தான். அவற்றில் ஷாங்காய்க்காரர்கள் தட்டில் இல்லாத செறிவு இருக்கலாம், அவளைப் போன்றவர்களிடம் அதைச் சரிவரப் பரிசோதித்ததும் இல்லை.

உங்களுக்கும் அந்தக் கேப்சூலை நான் சிபாரிசு செய்யவில்லை. உங்கள் காரணம் வேறு. நீங்கள் சொல்கிற அந்தச் சூடு, மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் உடம்பு வெப்பத்தைப் பார்த்துக்கொள்கிற நரம்பு செல்கள் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் பதற்றமாகிவிடுவதால் வருகிறது. கொஞ்சம் வெப்பம் கூடினாலும் தீப்பிடித்தது போல எண்ணி, தோலின் இரத்தக் குழாய்களைத் திறந்துவிட்டு வியர்வையைக் கொட்டுகின்றன. ஐசோஃபிளேவோன் மாத்திரையால் இது குறைகிறதா என்று நிறையச் சோதித்திருக்கிறார்கள். சிலவற்றில் ஓரளவு குறைந்தது, சிலவற்றில் வெறும் மாவு மாத்திரை கொடுத்த குழுவுக்கும் அதே அளவு குறைந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் 2013 மதிப்பாய்வு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, உறுதியான பலன் நிரூபணமாகவில்லை என்றது. இன்னொரு பக்கம், நாளுக்கு 150 மில்லிகிராம் ஐசோஃபிளேவோனை ஐந்து ஆண்டு எடுத்த இத்தாலியப் பெண்களில் சிலருக்குக் கருப்பை உட்சுவர் தடித்தது. பிறகு 2015-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, மார்பு, கருப்பை, தைராய்டு மூன்றுக்கும் கெடுதல் என்பதற்குச் சான்று இல்லை என்றது. அதனால் பயப்படும் பொருள் என்று சொல்ல வரவில்லை. மாதாமாதம் தறிக்கூலியிலிருந்து காசு போட்டு வாங்கும் அளவுக்கு அதில் பலன் இல்லை.

ராத்திரி ரவிக்கை நனைகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் அதற்கு மருத்துவம் இருக்கிறது, சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள், 60 வயதுக்குள் இருக்கும் பலருக்கு ஹார்மோன் சிகிச்சையே கொடுக்கலாம். தங்கைக்கு மார்பகப் புற்று வந்ததால் உங்களுக்கு அதை யோசித்துத்தான் தர வேண்டும். முதலில் ஒரு மாமோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கைக்கு எந்த வயதில் வந்தது, அம்மா வழியில், அப்பா வழியில் வேறு யாருக்காவது இருந்ததா என்பதையும் எழுதி எடுத்துக்கொண்டு மகளிர் மருத்துவரைப் பாருங்கள். நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு டமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கும் என்பதால், உங்கள் மாத்திரையைத் தங்கைக்கு மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆளி விதையையும் எள்ளையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். இரண்டிலும் லிக்னான் என்கிற வேறு வகை இருக்கிறது, குடல் பாக்டீரியா அதை என்டெரோலாக்டோனாக மாற்றுகிறது. சோயாவைவிடவும் மெல்லியது. நாம் காலங்காலமாக உருட்டி வந்த எள்ளுருண்டைக்கு இப்போது புதிதாகப் பயப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, நீங்கள் "அது வேற விசயம்" என்று தள்ளிவிட்ட வரி. கடிதம் முழுக்க எனக்கு உண்மையில் உறுத்தியது அதுதான். மாத்திரை போட்ட கையோடு சோயாக் கஞ்சி. டி.எஸ்.எச். 9, அதாவது தைராய்டு ஹார்மோன் உடம்புக்குப் போதவில்லை என்று காட்டுகிற அளவு. அந்தச் சோயா உங்கள் ஈஸ்ட்ரோஜனை ஒன்றும் செய்யவில்லை, உங்கள் தைராய்டு மாத்திரையைக் குடலில் மறித்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போனால்தான் சரியாக ஏறும். சோயாப் புரதம் அதைப் பாதி வழியில் பிடித்துக்கொள்கிறது. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். காபியும் கெடுக்கும். ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து என்னிடம் வருகிறவர்கள் பலர் காபியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, "டோஸ் கூட்டியும் குறைய மாட்டேங்குது டாக்டர்" என்பார்கள். டோஸ் கூடிக்கொண்டே போகும், தப்பு டம்ளரில் இருக்கும்.

உங்கள் மாத்திரை 75 அப்படியே இருக்கட்டும், நீங்களாகக் கூட்டாதீர்கள். படுக்கைக்குப் பக்கத்தில் மாத்திரையையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் வைத்துக்கொள்ளுங்கள். விழித்ததும் போட்டுவிட்டுப் பாவு சுற்றுவதோ வாசல் தெளிப்பதோ பாருங்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. சோயா மாவு போட்ட கஞ்சியை மாலைக்கு மாற்றுங்கள், மாத்திரைக்கும் சோயாவுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அயோடின் கலந்த உப்புதான் வாங்குகிறீர்களா என்று பொட்டலத்தைப் பாருங்கள். சோயா தைராய்டை நேராகப் பாதிக்கும் என்ற பேச்சு அயோடின் போதாத உடம்பில்தான் கொஞ்சம் எடுபடும். இப்படி எட்டு வாரம் செய்துவிட்டு, அதே ஆய்வகத்தில் டி.எஸ்.எச். பாருங்கள். எண் இறங்கியிருந்தால் மாத்திரை எழுதிய மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். இறங்காவிட்டால் டோஸை அவர் மாற்றுவார். எப்படியானாலும் அந்த எண்ணை எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். பையன் ஒற்றைப் பனியனுக்கு வந்துவிட்டானா என்பதையும்.